அரைமணி நேரம் பேசக் கூடாது

பேசாதீங்க, பேசாதீங்க! வாயைத் தொறந்தா ரத்தம் நிக்காது. பஞ்சைக் கடிச்சபடிக்கே உக்காருங்க. அரைமணி நேரம் பேசக் கூடாது, எச்சி துப்பக் கூடாதுன்னு டாக்டர் உங்ககிட்டச் சொன்னப்ப நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். இங்கிட்டு என் பக்கத்துல வந்துருங்க. அங்க ஏசிக் காத்து நேரா கன்னத்துலயே அடிக்கும். ஆங், அப்படி.

கடைவாய்ப் பல்லா? தலைய ஆட்டுனாப் போதும். சொத்தையா? அட, அப்ப உங்களுது சின்ன சோலிதான். எங்களுதுதான் பெரிய கூத்து. எனக்கில்லைம்மா, என் மகளுக்கு. நீங்க வெளிய வரவும் உள்ள போனாளே, பச்சைச் சுடிதாரு, அவதான். சுகப்ரியான்னு பேரு. சுகான்னு கூப்பிடுவோம். ஞானப்பல்லு. கீழ ரெண்டு பக்கமும் படுத்தவாக்குல மொளைச்சிருக்காம். முன்னாடி நிக்கிற பல்லைப் போயி முட்டுதுன்னு படம் எடுத்துக் காட்டுனாரு. இருவத்தாறு வயசுல பல்லு மொளைக்கிற கொடுமைய எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? கைப்புள்ளையில பல்லு மொளைச்சப்பக்கூட அவ இம்புட்டு அழுகலை. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை ரெண்டா ஒடைச்சு எடுக்கணுமாம். இன்னிக்கு ஒரு பக்கம், அடுத்த வாரம் ஒரு பக்கம். முக்கால் மணி நேரம் ஆகும்னாரு. இப்ப பத்து முப்பத்தெட்டு. அந்தக் கடிகாரம் சரியாத்தான் ஓடுது, நான் பாத்துட்டேன்.

வெளியூருதான நீங்க? பையும் பொட்டியுமா வந்திருக்கீங்களே. ஆபீஸ் வேலையா வந்த எடத்துல பல்லு படுத்திருச்சாக்கும். இந்தத் தேனியில சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா? இல்லை. கம்பத்துல? போடியில? யாருமே இல்லையா? நல்லதாப் போச்சு. இல்லைம்மா, சும்மா கேட்டேன். இந்தப் பக்கமெல்லாம் எவளைத் தொட்டாலும் எவளுக்காச்சும் சித்தி மக, பெரியம்மா மகன்னு வந்து நிப்பா. வாயத் தொறந்து ஒண்ணு பேச முடியாது.

என்ன பாக்குறீங்க, இந்தச் சத்தத்தையா? சாவிக்கொத்து. இரும்புச் சாவி, பழைய பீரோவோடது. பீரோவக் காயலான் கடைக்குப் போட்டு எத்தனையோ வருஷமாச்சு, சாவி மட்டும் என் கையை விட்டுப் போகலை. கையில இரும்பு இல்லாட்டி எனக்கு இருப்புக் கொள்ளாது. அவ உள்ள போகையிலகூட இதுல ஒரு சாவியக் கழட்டி அவ உள்ளங்கையில வச்சு மூடித்தான் அனுப்புனேன். "எதுக்கும்மா இது"ன்னா. "வச்சுக்கடி, பேசாம போ"ன்னேன்.

உங்களுக்குப் பொம்பளைப் புள்ளை உண்டா? ரெண்டா! அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

சுகாவுக்கு வர்ற ஆவணி பதினாறு கல்யாணம். மாப்பிள்ளை பேரு பிரவின். ஓசூர்ல கம்பெனியில இருக்காரு. சொந்த ஊரு போடி. தங்கமான புள்ளை. நிச்சயத்தன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு, இவ இலையில சோறு அப்படியே கெடக்குறதப் பாத்துட்டு, "பல்லு வலிக்குதா, கஞ்சி கொண்டாரச் சொல்லவா"ன்னு கேட்டாரு பாருங்க. எம்புருசன் ஈ.பி.யில லைன்மேன். அவரு போயி ஒம்போது வருஷம். இருந்த காலத்துல ஒரு நாளு என்னை அப்படிக் கேட்டிருப்பாரா? கேட்டதில்லை. அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன், எது நடந்தாலும் சரி, எம்மக கழுத்துல இந்தப் புள்ளை கையால தாலி ஏறணும்னு.

நிச்சயப் போட்டோவுல இவளுக்கு ஒரு பக்கக் கன்னம் பன்னு மாதிரி இருக்கு. சம்பந்தியம்மா அதப் பாத்துட்டு, "முகூர்த்தத்தன்னைக்கும் இப்படி வீங்கிப்போயி நின்னா நல்லாவா இருக்கும், எந்தம்பிகிட்டக் காட்டிருங்க"ன்னாங்க. அந்தத் தம்பிதான் நம்ம டாக்டர். ஆமா, உங்க பல்லைப் புடுங்குனவருதான். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மதுரையில எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காருன்னு மெல்லச் சொல்லிப் பாத்தேன். சம்பந்தியம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "ஏன், எந்தம்பி கைராசி ஆகாதா உங்களுக்கு?" அதுக்கு மேல என்னத்தப் பேச? தாய்மாமன் மனசு கோணுனா மாலை எடுத்துக் குடுக்க ஆளு வராது. சரிம்மான்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

அவருகிட்டக் காட்ட ஏன் பயந்தேன்னு பாக்குறீங்க.

அவளுக்குச் சின்னதுல இருந்தே ஒரு இது இருக்குங்க. பேரெல்லாம் சொல்ல மாட்டேன். எட்டாங் கிளாஸ் படிக்கையில, பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல நின்னவ அப்படியே சாஞ்சுட்டா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்து, வாயில நுரை. ஒரு டீச்சர் ஓடிவந்து சாவிய எடுத்துக் கையில குடுத்த பெறகுதான் நின்னுச்சு. அதுல இருந்துதான் இந்தச் சாவி. மதுரையில பெரிய டாக்டர்கிட்டப் போனோம். மாத்திரை எழுதுனாரு. ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு. பன்னெண்டு வருஷமா நாந்தான் எடுத்துக் குடுப்பேன், அவ கையில அட்டையக்கூடக் குடுத்ததில்லை. அஞ்சு வருஷமா ஒண்ணும் வரலை. சுத்தமா ஒண்ணும் இல்லை. அப்ப அது போயிருச்சுன்னுதான அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. இல்லை, சொல்லாதீங்க, பஞ்சு நழுவிரும்.

நான் ஒண்ணும் பொய்க்காரி இல்லைம்மா. மொத மொத வந்த எடத்துல நானே வாயால சொன்னேன். மறைக்கக் கூடாது, ஒரு புள்ளை வாழ்க்கைன்னு நெனைச்சுச் சொன்னேன். கேட்டாங்க, கேசரி சாப்பிட்டாங்க, காப்பி குடிச்சாங்க, போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்னு போனாங்க. மறுவாரம் பூக்காரம்மா வந்து, "பொண்ணுக்கு இப்பத் தேவலையா"ன்னு என்னையக் கேக்குறா. தெருவே கேக்குது. அதுக்குப் பெறகு வந்ததெல்லாம் வாசப்படியோட போச்சு. நாலாவது எடம் நல்லா கூடி வந்துச்சு. பூ வைக்க நாள் குறிச்சாச்சு. என் நாத்தனா பேச்சியம்மா இருக்காளே, அவ நேரா அவங்க வீட்டுக்குப் போயி, "பின்னால பிரச்சினை வரக் கூடாது பாருங்க"ன்னு எல்லாத்தையும் கொட்டிட்டு வந்துட்டா. நல்லது பண்ணாளாம்! அவ மூஞ்சியில நான் இன்னிக்கு வரைக்கும் முழிக்கலை. எம்மக அன்னிக்கு அந்தப் புதுச் சேலைய மடிச்சு உள்ள வச்சுட்டு, "அம்மா, இனிமே என்னை யாருக்கும் காட்டாத"ன்னா. அழுகக்கூட இல்லை. அழுதிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

இந்தா, மெஷின் சத்தம் கேக்குதா? ஆரம்பிச்சுட்டாரு. மரத்துப்போற ஊசி போட்டுட்டாரு போல. வலிக்காதாமே? ஊசி போடும்போது மட்டும் சுருக்குன்னு இருக்குமா? சரி, சரி.

பிரவின்கிட்டத் தானே சொல்லிடுறதா சுகா ஒத்தக் கால்ல நின்னா. "அவரு நல்லவரும்மா, புரிஞ்சுக்குவாரு"ங்குறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! அவ கையப் புடிச்சு என் தலைமேல வச்சு, "சத்தியம் பண்ணுடி, தாலி ஏறுற வரைக்கும் அவங்க வீட்டு ஆளுக யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுடி, மீறுனா என் பொணத்தத்தான் பாப்பே"ன்னேன். சத்தியம் பண்ணிட்டா. அன்னையில இருந்து சரியா பேசுறதில்லை எங்கிட்ட. கல்யாணமானா எல்லாம் சரியாப் போகும்.

மூணு வாரத்துக்கு முன்னாடி மொத தடவை இங்க காட்ட வந்தோம். வாயைத் தொறக்கச் சொல்லி லைட்டப் போட்டுப் பாத்தாரு. பல்லைப் பாத்தாப் பரவால்ல, ஈறையே பாத்துக்கிட்டு இருக்காரு. "ஈறு ஏன் இப்படித் தடிச்சிருக்கு? தொடர்ந்து ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?"ன்னு கேட்டாரு. சுகா என்னையப் பாத்தா. நான், "சத்து மாத்திரைதான் தம்பி, ஒடம்புல ரத்தம் கம்மி"ன்னு சொல்லிட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. வீக்கம் கொறையட்டும்னு மாத்திரையும் வாய் கொப்பளிக்கிற மருந்தும் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு.

ஊருக்குப் போனதும் மெடிக்கல் கடைக்காரர்கிட்ட, வேற யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். "ஆமாக்கா, அந்த மாத்திரை ரொம்ப வருஷம் சாப்பிட்டா ஈறு வளரும், பல்லு டாக்டருக பாத்த ஒடனே கண்டுபுடிச்சுருவாங்க"ங்குறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! மறுபடி அதே ஆளு முன்னாடி இவ வாயைத் தொறக்கணுமே. சம்பந்தியம்மாவோட தம்பியாச்சே. ராத்திரி போன் போட்டு, "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?

அதான் நிப்பாட்டிட்டேன்.

என்ன அப்படி முழிக்கிறீங்க? அவளுக்குத் தெரியாது. அதே சைஸுல வெள்ளையா ஒரு சத்து மாத்திரை இருக்கு, அதத்தான் பாலோட குடுக்குறேன். சத்து மாத்திரைன்னு நான் டாக்டர்கிட்டச் சொன்னது இப்ப நெசமாப் போச்சா இல்லையா? பன்னெண்டு நாளாச்சு. ஈறு கொஞ்சம் வத்துன மாதிரி இருக்கு, எனக்குத் தெரியுது. ஒரு நாளுகூட விடக் கூடாதுன்னு மதுரை டாக்டர் சொன்னாருதான். அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நாம நிப்பாட்டிட்டா அவருகிட்ட யாரு போவா? கல்யாணம் முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்.

முந்தாநாளு காலையில டம்ளரைக் கீழ போட்டா. கை ஒரு வெட்டு வெட்டுச்சு. நேத்தும் அப்படித்தான், சீப்பு பறந்து போயி விழுந்துச்சு. "என்னன்னு தெரியலைம்மா, கை தானா ஒதறுது"ன்னா. ஆபரேஷன் பயம்டின்னேன். பயந்தா எனக்கும்தான் கை நடுங்கும். இல்லையா? தலைய ஆட்டுங்களேன். ஏன் ஆட்ட மாட்டேங்குறீங்க?

இன்னிக்கு வந்ததும் ஒரு ஃபாரம் குடுத்தாங்க, உங்களுக்கும் குடுத்தாங்கள்ல? சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வலிப்பு உண்டான்னு கட்டம் கட்டமா. சுகா பேனாவ எடுத்து அந்தக் கட்டத்துக்கிட்ட வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா. நான் ஃபாரத்த வாங்கி எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னு டிக் போட்டுட்டேன். கையெழுத்து மட்டும் அவ போட்டா. உள்ள போகையில கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாத்தா. டாக்டரும் பாத்துட்டு, "என்னம்மா, ஏதாச்சும் சொல்லணுமா"ன்னு நல்லாத்தான் கேட்டாரு. நான்தான், "ஒண்ணுமில்லை தம்பி, பயந்தாங்கொள்ளி"ன்னு சிரிச்சேன். அவ என் தலையப் பாத்தா. மூஞ்சிய இல்லை, தலைய. உள்ள போயிட்டா.

எதுக்கு உங்ககிட்ட இதெல்லாம் சொல்றேன்னே தெரியலை. நெஞ்சுக்குள்ள கல்லா கெடக்குதும்மா. நீங்க யாரோ, நான் யாரோ. இன்னிக்கு பஸ் ஏறிட்டீங்கன்னா நானும் உங்களைப் பாக்கப் போறதில்லை. அதுவும் வாயில பஞ்சோட உக்காந்திருக்கீங்க. சாமிகிட்டச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன்.

இந்தா, அவ போனு அடிக்குது. மாப்பிள்ளை. முடிஞ்சுதான்னு கேக்கத்தான். அடிக்கட்டும். அவ வந்து பேசட்டும்.

மெஷின் சத்தம் நின்னுபோச்சு.

முடிஞ்சிருச்சோ? முக்கால் மணி நேரம்னாரே, பத்து அம்பத்தஞ்சுதான ஆகுது. இருங்க. அது என்ன, தட்டு விழுந்த சத்தமா? நர்சு கைதவறிப் போட்டிருப்பா. இந்தக் காலத்துப் புள்ளைக ஒண்ணையும் ஒழுங்காப் புடிக்கிறதில்லை. என் கையை விடுங்கம்மா, எதுக்கு இப்படி இறுக்குறீங்க?

என்னம்மா சிஸ்டர், எதுக்கு இப்படி ஓடியாற? என்னது? கை கால் இழுக்குதா? ஐயோ, முன்னாடி வந்திருக்கான்னு கேக்குறியா? இல்லையே. இல்லைம்மா. அப்படியெல்லாம் எம்பொண்ணுக்கு ஒண்ணும் கெடையாது. ஃபாரத்துலதான் எழுதியிருக்கே. காலையில சாப்பிடலை, பயத்துல மயக்கம் வந்திருக்கும். மொகத்துல தண்ணி தெளிச்சுப் பாரு தாயி. போ, போ, நீ அவகிட்டப் போ!

ஒண்ணும் ஆகாது. நீங்க பதறாதீங்க. எனக்குத் தெரியும்மா, நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். ரெண்டு நிமிஷம். எப்பவும் ரெண்டே நிமிஷம்தான். அப்புறம் தூங்கிருவா. எந்திரிச்சு, "அம்மா, என்ன ஆச்சு"ன்னு கேப்பா. கையிலதான் சாவி இருக்கே. பாருங்க, பத்து அம்பத்தேழு ஆச்சா? இந்நேரம் நின்னிருக்கும்.

ஏன் இன்னும் யாரும் வெளிய வரலை?

சாவி கீழ விழுந்திருக்குமோ? மரத்துப்போற ஊசியில கையும் மரத்துப்போயி நழுவ விட்டுட்டாளோ? நான் உள்ள போறேன். இந்தாம்மா, கதவைத் தொற. எம்மகம்மா! ஏன் தள்ளுற, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், இந்தச் சாவிய அவ கையில... எதுக்கா? சும்மா. சும்மாதான். சரி, சரி, இங்கயே நிக்கிறேன்.

பதினொண்ணு ஆகப் போகுது. நாலு நிமிஷம். அஞ்சு நிமிஷம். இம்புட்டு நேரம் வந்ததே இல்லையே. ஆத்தா, வீரபாண்டி மாரியம்மா, எம்புள்ளைய நிப்பாட்டிக் குடு, உனக்கு அக்கினிச் சட்டி எடுக்குறேன். ஆம்புலன்ஸ்னு யாரோ போன்ல பேசுறாங்க. யாருக்கு ஆம்புலன்ஸ்? நீங்க என்னைய அப்படிப் பாக்காதீங்கம்மா. நீங்களும் ரெண்டு பொம்பளைப் புள்ளை வச்சிருக்கீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒரு எடம் அமையும்போது தெரியும். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? கல்யாணம் பண்ணி வைக்கப் பாக்குறேன்.

டாக்டர் தம்பி! என்ன தம்பி, எழுந்திருச்சுட்டாளா? ஏன் உங்க கையெல்லாம் ரத்தம்? நாக்கைக் கடிச்சுட்டாளா?

இன்னும் நிக்கலையா?

என்ன கேக்குறீங்க? மறைக்காமச் சொல்லணுமா? நான் எதத் தம்பி மறைக்கப் போறேன்? ஆஸ்பத்திரியில என்ன ஊசி போடணும்னு தெரியணுமா? மாத்திரை சாப்பிட்டு நிப்பாட்டுனாளான்னா...

அக்காவுக்குப் போன் பண்ணிட்டீங்களா தம்பி? சம்பந்தியம்மாவுக்கு? அவங்க கெளம்பி வர்றாங்களா? இங்கதானா?

இல்லை தம்பி. எந்த மாத்திரையும் இல்லை. வந்ததே இல்லை. அவங்க அப்பா வழியிலயும் இல்லை, என் வழியிலயும் இல்லை. இதுதான் மொத தடவை. எந்தலைமேல சத்தியமா மொத தடவை.

ஏம்மா, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா அந்தப் பக்கம் வழி இருக்கு. ஐயோ, பஞ்சை எடுக்காதீங்கம்மா, ரத்தம் வருது பாருங்க. தம்பி, இவங்க யாரோ வெளியூரு, இவங்களுக்கு எங்களை யாருன்னே தெரியாது. பேச விடாதீங்க தம்பி. நீங்கதான சொன்னீங்க, பேசக் கூடாதுன்னு. அரைமணி நேரம் இன்னும் ஆகலை.